சிறு சொல்லும் பெரும் பொருளும்
ஆங்கிலக் கடிதங்களில் செயப்பாட்டுக் கூட்டு வினைகள்

நெசவாளர் சங்கமாயினும், விவசாயிகள் சங்கமாயினும், அதன் காரியாலயத்துக்கு வரும் தபால்களில் ஒரு பகுதி இன்றும் ஆங்கிலத்திலேதான் இருக்கிறது. பாங்கியிலிருந்து வரும் கடன் கடிதம், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பதில், வெளிமாநில வியாபாரியின் ஆர்டர், ஏற்றுமதி ஏஜெண்டின் தகவல் என்று பலவும் அம்மொழியில் வருகின்றன. காகிதத்தில் வந்தாலும் மின்னஞ்சலில் வந்தாலும் அவற்றின் நடை பெரும்பாலும் ஒன்றே. கடிதம் ஒரு பக்கம் நீண்டிருக்கும். அதன் உயிர் ஒரே வாக்கியத்தில் இருக்கும். அந்த வாக்கியத்தின் உயிரோ இரண்டு மூன்று சின்னஞ்சிறு சொற்களில் இருக்கும்.

உதாரணமாக, ‘யுவர் அப்ளிகேஷன் ஹாஸ் பீன் டர்ன்ட் டவுன்’ என்று ஒரு கடிதம் வருகிறது. ‘டர்ன்’ என்றால் திருப்புதல், ‘டவுன்’ என்றால் கீழே என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அறிவார். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ‘உங்கள் விண்ணப்பம் கீழே திருப்பப்பட்டது’ என்று வரும். கீழ் அதிகாரிக்குத் திருப்பி அனுப்பினார்கள் போலும் என்று எண்ணி, அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்கத் தோன்றும். உண்மையில் அவ்வாக்கியத்துக்கு ‘உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்பதே பொருள். காத்திருந்த நாட்களில் மேல்முறையீடு செய்வதற்குரிய கெடு கடந்து போகலாம். ஆகையால் இப்பாடம் வெறும் இலக்கணப் பாடமன்று. நமது பணத்தையும் உரிமையையும் காத்துக் கொள்ளுவதற்கான பாடமுமாகும்.

கூட்டு வினை என்பது யாது?

ஆங்கிலத்தில் ‘புட்’, ‘டேக்’, ‘கால்’, ‘செட்’, ‘மேக்’ போன்ற எளிய வினைச்சொற்கள் சில உண்டு. அவற்றின் பின்னே ‘ஆஃப்’, ‘அப்’, ‘டவுன்’, ‘அவுட்’, ‘ஓவர்’, ‘இன்டு’ முதலிய சிறு சொற்கள் வந்து ஒட்டிக் கொள்ளும். ஒட்டியபின் இரண்டும் சேர்ந்து ஒரே வினையாகிப் புதிய பொருளைத் தரும். ‘புட்’ என்றால் வைத்தல். ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திப் போடுதல். ‘கால்’ என்றால் அழைத்தல். ‘கால் ஆஃப்’ என்றால் ரத்துச் செய்தல். இவற்றை நாம் இங்கே கூட்டு வினைகள் என்றும், பின்னே வரும் சிறு சொல்லை ஒட்டுச்சொல் என்றும் வழங்குவோம்.

அயல்மொழியாளருக்கு இது கடினமான இடம் என்பதை ஆங்கிலேயரே அறிந்திருந்தார்கள். 1755-ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்ஸன், அந்நியர்களுக்கு மிகுந்த தொல்லை தருவன இத்தகைய வினைகளே என்று தமது முன்னுரையிலேயே குறிப்பிட்டு, அவற்றை மிகுந்த கவனத்துடன் தொகுத்தார்.

ஆயினும் தமிழருக்கு இது முற்றிலும் புதுமையன்று. ‘விடு’ என்பது ஒரு வினை. ‘கைவிடு’ என்பது வேறு வினை. ‘கொடு’ வேறு, ‘விட்டுக்கொடு’ வேறு, ‘காட்டிக்கொடு’ வேறு. இவற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் பொருள் சொல்ல எவரும் முயலுவதில்லை. தமிழில் பொருளை மாற்றும் சொல் பெரும்பாலும் முன்னே நிற்கிறது; ஆங்கிலத்தில் அது பின்னே நிற்கிறது. வேறுபாடு இவ்வளவே. எனவே ஆங்கிலக் கூட்டு வினையையும் ஒரே சொல்லாகவே மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும்.

செயப்பாட்டில் ஒட்டுச்சொல் நீங்காது

‘சபை கூட்டத்தை ஒத்திப் போட்டது’ என்பது செய்வினை. ‘கூட்டம் ஒத்திப் போடப்பட்டது’ என்பது செயப்பாட்டு வினை. செய்தவரைப் பின்னுக்குத் தள்ளி, செய்யப்பட்ட பொருளை எழுவாயாக முன்னே நிறுத்துவது செயப்பாட்டு வினையின் இயல்பு. காரியாலயக் கடிதங்களில் இந்நடையே மிகுதி.

ஆங்கிலத்தில் ‘தி கமிட்டி புட் ஆஃப் தி மீட்டிங்’ என்ற செய்வினை வாக்கியம், செயப்பாட்டில் ‘தி மீட்டிங் வாஸ் புட் ஆஃப்’ என்றாகிறது. எழுவாய் மாறியது, வினையின் உருவம் மாறியது, ஆனால் ‘ஆஃப்’ என்ற ஒட்டுச்சொல் தன் இடத்தை விட்டு அகலவில்லை. இதுவே முதல் விதி. கூட்டு வினை செயப்பாட்டாகும்போது அதன் ஒட்டுச்சொல் நீங்குவதுமில்லை, இடம் மாறுவதுமில்லை.

நமது கிளார்க்குகள் பதில் எழுதும்போது பிழை நேரக் கூடிய இடம் இது. ‘புகார் விசாரிக்கப்பட்டது’ என்பதற்கு ‘தி கம்ப்ளெய்ன்ட் வாஸ் லுக்ட் இன்டு’ என்று எழுத வேண்டும். வாக்கியத்தின் கடைசியில் ‘இன்டு’ தனியாகத் தொங்குவது போலத் தோன்றுவதால் அதை விட்டுவிட்டு, ‘வாஸ் லுக்ட்’ என்று முடிக்க மனம் தூண்டும். அவ்வாறு எழுதினால், ‘கைவிடப்பட்டது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘விடப்பட்டது’ என்று எழுதியது போலாகும்.

சிறு சொல்லில் வாக்கியத்தை முடிக்கலாகாது என்று சில பழைய ஆசிரியர்கள் கற்பித்ததுண்டு. ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர் 1672-ஆம் ஆண்டிலேயே அவ்வாறு முடிப்பதைக் குறை கூறியிருக்கிறார். ஆனால் மக்கள் வழக்கு அதற்குக் கட்டுப்படவில்லை. ‘தி சைல்ட் இஸ் வெல் லுக்ட் ஆஃப்டர்’, அதாவது ‘குழந்தை நன்கு பராமரிக்கப்படுகிறது’ என்பது குற்றமற்ற ஆங்கிலம். நாமும் அஞ்சாமல் எழுதலாம்.

பின்னே வரும் இரண்டாம் சொல்

ஒட்டுச்சொல்லுக்குப் பின்னர் மற்றொரு சிறு சொல்லும் வருவதுண்டு. அது யாரால், எதனால், எங்கே, எப்போது, எதற்காக என்னும் கேள்விகளுக்கு விடை தருவது. தமிழில் வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இச்சொற்கள் செய்கின்றன. பெயருக்கு முன்னே நிற்பதால் இவற்றை முன்னிடைச்சொல் என்பர்.

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம் காண்போம். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் சேர்ந்து 1844-ஆம் ஆண்டில் ஒரு சங்கத்தை நிறுவினார்கள். இதனை ஆங்கிலத்தில் ‘தி சொஸைட்டி வாஸ் செட் அப் பை 28 மெம்பர்ஸ் அட் ராச்டேல் இன் 1844’ எனலாம். ‘செட் அப்’ என்பது கூட்டு வினை. நிறுவுதல் என்பது பொருள். அதில் ‘அப்’ என்பது ஒட்டுச்சொல். அதன் பிறகு வரும் ‘பை’ யாரால் என்பதையும், ‘அட்’ எங்கே என்பதையும், ‘இன்’ எந்த ஆண்டில் என்பதையும் சொல்லுகின்றன. ஆண்டுக்கு ‘இன்’ வருவது போல, குறிப்பிட்ட நாளுக்கு ‘ஆன்’ வரும். 1969-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி 14 பாங்கிகளை இந்திய சர்க்கார் ஏற்றுக் கொண்டது. ‘ஃபோர்ட்டீன் பேங்க்ஸ் வேர் டேக்கன் ஓவர் பை தி கவர்ன்மென்ட் ஆன் 19 ஜூலை 1969’ என்பது அதற்கான வாக்கியம்.

சில கூட்டு வினைகளில் ஒட்டுச்சொல்லே இரண்டாக இருக்கும். ‘டூ அவே வித்’ என்றால் ஒழித்து விடுதல். அகில இந்தியக் கைத்தறி வாரியம் 2020-ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. அதனை ‘தி போர்டு வாஸ் டன் அவே வித் இன் 2020’ என்று கூறலாம். ‘வித்’, ‘இன்’ என்னும் இரண்டு சிறு சொற்கள் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். முன்னது வினைக்கு உரியது. பின்னது ஆண்டுக்கு உரியது. வாசிக்கும்போது ‘டன் அவே வித்’ என்று சேர்த்து நிறுத்தி, பிறகு ‘இன் 2020’ என்று வாசித்தால் பொருள் தானே விளங்கும்.

‘ஆல்’ என்னும் ஒரே உருபுக்கு இரண்டு சொற்கள்

தமிழில் மூன்றாம் வேற்றுமை உருபாகிய ‘ஆல்’, செய்தவரையும் குறிக்கும், செய்த கருவியையும் குறிக்கும். ‘முருகனால் மரம் வெட்டப்பட்டது’ என்றும் சொல்லுகிறோம், ‘கோடரியால் மரம் வெட்டப்பட்டது’ என்றும் சொல்லுகிறோம். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்து வைக்கிறது. செய்தவருக்கு ‘பை’, கருவிக்கு ‘வித்’. ‘தி ட்ரீ வாஸ் கட் டவுன் பை முருகன் வித் அன் ஆக்ஸ்’ என்பதே சரியான வாக்கியம். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவோர் இரண்டுக்கும் ‘பை’ என்று எழுதிவிடாதபடி எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

‘பை’ என்னும் சொல்லில் மற்றொரு கண்ணியும் இருக்கிறது. அது காலக் கெடுவையும் குறிக்கும். ‘தி ஃபார்ம்ஸ் மஸ்ட் பி ஹேண்டட் இன் பை ஃப்ரைடே’ என்றால் ‘படிவங்கள் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கப்பட வேண்டும்’ என்பது பொருள். இங்கே ‘பை’ என்பது ‘ஆல்’ அன்று, ‘குள்’ ஆகும். பின்னே வருவது ஆளின் பெயரா, நாளின் பெயரா என்று பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். அவ்வாறே ‘டில்’ என்பது ‘வரை’ எனப் பொருள்படும். ‘புட் ஆஃப் டில் மன்டே’ என்றால் திங்கட்கிழமைக்கு ஒத்தி வைக்கப்பட்டது என்பதாம்.

இதே ‘புட் ஆஃப்’, பின்வரும் சொல்லால் அடியோடு மாறுவதும் உண்டு. ‘தி ஆர்டர் வாஸ் புட் ஆஃப் டில் ஜூன்’ என்றால் ஆர்டர் ஜூன் மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. ‘தி பையர் வாஸ் புட் ஆஃப் பை தி கலர்’ என்றாலோ, துணியின் சாயம் வாங்குபவருக்குப் பிடிக்காமல் போயிற்று. முன்னதற்குக் காத்திருத்தல் போதும். பின்னதற்குச் சாயப்பட்டறையில் பரிகாரம் தேட வேண்டும். எழுவாய் சரக்கா, ஆளா என்பதையும், பின்னே வருவது ‘டில்’லா, ‘பை’யா என்பதையும் கவனித்தால் ஐயம் நீங்கும்.

தறியிலிருந்து ஒரு பாடம்

இவ்வினைகளை நமது நெசவாளர் தம் தறியிலேயே காணலாம். நெசவு நடக்கும்போது பாவு உருளையிலிருந்து பாவு சிறிது சிறிதாக விடப்படுகிறது. நெய்த துணி, துணி உருளையில் சுருட்டப்படுகிறது. ஜவுளித் தொழில் நூல்களில் முதலாவது செயல் ‘லெட் ஆஃப்’ என்றும், இரண்டாவது ‘டேக் அப்’ என்றும் வழங்கும். ‘தி வார்ப் இஸ் லெட் ஆஃப் ஃப்ரம் தி வார்ப் பீம்’. ‘தி க்ளாத் இஸ் டேக்கன் அப் ஆன் தி க்ளாத் பீம்’. ‘ஃப்ரம்’ என்பது எதிலிருந்து என்றும், ‘ஆன்’ என்பது எதன்மேல் என்றும் காட்டுகின்றன.

தறியை விட்டுக் காரியாலயத்துக்குள் வந்தால் அதே வினைகள் வேறு பொருள் பெறுகின்றன. ‘ஹி வாஸ் லெட் ஆஃப் வித் எ வார்னிங்’ என்றால் ஒருவர் தண்டனையின்றி எச்சரிக்கையோடு விடப்பட்டார் என்பது கருத்து. ‘தி மேட்டர் ஹாஸ் பீன் டேக்கன் அப் வித் தி கவர்ன்மென்ட்’ என்றால் அவ்விஷயம் சர்க்காரின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது என்று பொருள். சர்க்கார் அதை ஏற்றுக் கொண்டது என்று இதற்குப் பொருளில்லை. கோரிக்கை வைக்கப்பட்டது, பதில் இனித்தான் வர வேண்டும் என்பதையே ‘வித்’ காட்டுகிறது.

‘மேக் அப்’ என்ற வினையையும் பாருங்கள்.

‘தி யார்ன் இஸ் மேட் அப் இன்டு ஹேங்க்ஸ்’ — நூல் சிட்டங்களாகக் கட்டப்படுகிறது.
‘தி கமிட்டி இஸ் மேட் அப் ஆவ் லெவன் மெம்பர்ஸ்’ — நிர்வாக சபை 11 அங்கத்தினர்களைக் கொண்டது.
‘தி லாஸ் வாஸ் மேட் அப் ஃபார் பை தி ஃபெஸ்டிவல் சேல்ஸ்’ — பண்டிகை விற்பனையால் நஷ்டம் ஈடு செய்யப்பட்டது.
‘தி அக்கவுன்ட்ஸ் ஆர் மேட் அப் டு 31 மார்ச்’ — கணக்குகள் மார்ச் 31-ஆம் தேதி வரை முடித்து எழுதப்பட்டுள்ளன.
‘தி ஸ்டோரி வாஸ் மேட் அப்’ — அந்தக் கதை இட்டுக் கட்டப்பட்டது.

வினை ஒன்றே, பின்வரும் சொல்லால் ஐந்து பொருள். கடைசி இரண்டு வாக்கியங்களையும் ஒப்பிட்டு நோக்குக. கணக்கைப் பற்றி எழுதும்போது ‘டு’ என்பதையும் தேதியையும் விட்டுவிட்டால், கணக்கே பொய்யாகப் புனையப்பட்டது என்று படிப்பவர் எண்ண இடமுண்டு.

‘புட் அப்’ என்பதும் இத்தகையதே. நம் நாட்டுக் காரியாலயங்களில் ‘தி ஃபைல் ஹாஸ் பீன் புட் அப் டு தி ரிஜிஸ்ட்ரார்’ என்றால் கோப்பு ரிஜிஸ்திராரின் பார்வைக்கு வைக்கப்பட்டது என்று பொருள். ‘தி லேண்ட் வாஸ் புட் அப் ஃபார் சேல்’ என்றால் நிலம் விலைக்கு விடப்பட்டது. ‘திஸ் டிலே கேனாட் பி புட் அப் வித்’ என்றால் இந்தத் தாமதத்தைப் பொறுத்துக் கொள்ள முடியாது. இங்கிலாந்துக்காரர் எழுதும் கடிதத்திலோ, ‘ஹி வாஸ் புட் அப் டு இட்’ என்றால் அவன் பிறரால் அச்செயலுக்குத் தூண்டி விடப்பட்டான் என்று பொருள்படும். ஆகவே கடிதம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நோட்டீசிலும் கணக்கிலும் வரும் வினைகள்

இனி, நமது உரிமையையும் பணத்தையும் நேரே தொடும் வினைகளைப் பார்ப்போம்.

‘கால்’ என்னும் வினை மூன்று வடிவங்களில் வரும். ‘தி ஆக்ஷன் ஹாஸ் பீன் கால்ட் ஆஃப்’ என்றால் ஏலம் ரத்துச் செய்யப்பட்டது. ‘அன் எக்ஸ்ப்ளனேஷன் ஹாஸ் பீன் கால்ட் ஃபார் ஃப்ரம் தி செக்ரட்டரி’ என்றால் காரியதரிசியிடமிருந்து விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறது. ‘யூ ஆர் ஹியர்பை கால்ட் அப்பான் டு பே’ என்றால் நீங்கள் பணம் செலுத்த வேண்டுமென்று கோரப்படுகிறீர்கள். ‘கால்ட் அப்பான்’ என்னும் தொடரைக் கண்டால், அழைப்பிதழ் வந்ததென்று எண்ணி ஒதுக்கி வைத்துவிடக் கூடாது. வக்கீல் நோட்டீசுகளிலும், காரணம் காட்டச் சொல்லும் நோட்டீசுகளிலும் வரும் சொல் அது. அதில் எத்தனை நாள் கெடு கொடுத்திருக்கிறார்கள் என்பதை உடனே பார்க்க வேண்டும்.

‘டிஸ்போஸ்ட் ஆவ்’ என்பது மற்றொன்று. ‘தி ஸ்டாக் வாஸ் டிஸ்போஸ்ட் ஆவ்’ என்றால் இருப்புச் சரக்கு விற்கப்பட்டது அல்லது வேறு வகையில் அப்புறப்படுத்தப்பட்டது. ‘யுவர் பெட்டிஷன் ஹாஸ் பீன் டிஸ்போஸ்ட் ஆவ்’ என்றால் மனு குப்பையில் போடப்பட்டது என்று பொருளன்று. விசாரணை முடிந்து அதன்மேல் உத்தரவு பிறந்துவிட்டது என்பதே பொருள். உத்தரவு சாதகமானதா, பாதகமானதா என்பதை இச்சொல் தெரிவிக்காது. உத்தரவின் நகலை வாங்கிப் படித்தே அறிய வேண்டும்.

‘செட் அஸைட்’ என்பதையும் பாருங்கள். ‘தி ஆர்டர் வாஸ் செட் அஸைட் பை தி ட்ரிப்யூனல்’ என்றால் கீழ் உத்தரவு தீர்ப்பாயத்தால் ரத்துச் செய்யப்பட்டது. ‘எ சம் ஹாஸ் பீன் செட் அஸைட் ஃபார் போனஸ்’ என்றால் போனஸுக்காக ஒரு தொகை ஒதுக்கி வைக்கப்பட்டது. ‘பை’ வந்த இடத்தில் உத்தரவு செத்தது. ‘ஃபார்’ வந்த இடத்தில் பணம் பத்திரமாயிற்று.

‘செட் ஆஃப் அகைன்ஸ்ட்’ என்பது கணக்கில் நேர் செய்து கொள்ளுதலாகும். ‘யுவர் டெபாசிட் ஹாஸ் பீன் செட் ஆஃப் அகைன்ஸ்ட் தி லோன்’ என்று வந்தால், நீங்கள் போட்டு வைத்த தொகை உங்கள் கடனுக்கு ஈடாகக் கழித்துக் கொள்ளப்பட்டது என்று அறிக. ‘கேரிட் ஃபார்வர்ட் டு’ என்றால் அடுத்த பக்கத்துக்கோ அடுத்த ஆண்டுக்கோ கொண்டு செல்லப்பட்டது. ‘ப்ராட் ஃபார்வர்ட் ஃப்ரம்’ என்றால் முந்தியதிலிருந்து கொண்டு வரப்பட்டது. ‘டு’வும் ‘ஃப்ரம்’மும் திசை காட்டுகின்றன. செக்கு ஒரு பாங்கியின் மேல் ‘ட்ரான் ஆன்’ ஆகும். ஒப்பந்தப் பத்திரம் வக்கீலால் ‘ட்ரான் அப்’ ஆகும். முன்னது பணம் கொடுக்க வேண்டிய பாங்கியைக் குறிக்கும். பின்னது எழுதித் தயாரித்தலைக் குறிக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ‘ரிட்டன் ஆஃப்’ என்பது. ‘தி லோன் ஹாஸ் பீன் ரிட்டன் ஆஃப்’ என்று ஒரு பாங்கி எழுதினால், கடன் தள்ளுபடியாகிவிட்டது என்று மகிழ்பவர் உண்டு. அது தவறு. வசூலாகாத இனம் என்று கருதிப் பாங்கி தன் சொத்துக் கணக்கிலிருந்து அக்கடனை நீக்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். அது பாங்கியின் கணக்கு ஏற்பாடு. கடன் வாங்கியவருடைய பொறுப்பு அதனால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை. வசூல் செய்யும் உரிமை பாங்கிக்கு நீடிக்கிறது. கடனாளியை விடுவிக்கும் தள்ளுபடிக்கு ‘வேவ்ட்’ என்ற தனிச் சொல் உண்டு. அச்சொல்லும், எவ்வளவு தொகை என்பதும், எந்த உத்தரவின்படி என்பதும் எழுத்தில் வந்தாலன்றி, கடன் தீர்ந்ததென்று எவரும் நம்பியிருக்கலாகாது.

‘யாரால்?’ என்று கேளுங்கள்

செயப்பாட்டு வினைக்கு ஒரு வசதி உண்டு. செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். ‘மழையினால் பயிர் அழிந்தது’ என்றாற்போலக் காரணம் வெளிப்படையாக இருக்குமிடத்தில் அதனால் தீங்கில்லை. ஆனால் ‘விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’, ‘சப்ளை நிறுத்தி வைக்கப்பட்டது’, ‘விலை குறைக்கப்பட்டது’ என்று எழுதி நிறுத்தும்போது, செய்தவர் திரைக்குப் பின்னே மறைந்து கொள்ளுகிறார். ‘பை’ என்னும் சொல் இல்லாத செயப்பாட்டு வாக்கியம், கையெழுத்தில்லாத கடிதத்துக்குச் சமானம்.

அத்தகைய வாக்கியத்தைக் கண்டால் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும். யாரால் செய்யப்பட்டது? எந்த நாளில் செய்யப்பட்டது? எக்காரணத்தால், எந்த விதியின் கீழ் செய்யப்பட்டது? இவற்றைப் பணிவோடு ஆங்கிலத்தில் எழுதிக் கேட்கலாம். ‘பை ஹூம் வாஸ் தி அப்ளிகேஷன் டர்ன்ட் டவுன், ஆன் வாட் டேட், அண்ட் ஆன் வாட் கிரவுண்ட்ஸ்?’ என்னும் ஒரே வாக்கியம் போதும். இங்கே தேதிக்கும் காரணத்துக்கும் ‘ஆன்’ வந்திருப்பதைக் கவனிக்க. தமிழிலேயே கேட்பினும் குற்றமில்லை, கேளாதிருப்பதே குற்றம்.

கேட்பதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அதிகார அமைப்புகள் தமது நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களை, அவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஆகையால் சர்க்கார் இலாகாவிடம் காரணம் கேட்பது சலுகை கோருவதாகாது, உரிமையைப் பயன்படுத்துவதேயாகும்.

பிறரைக் கேட்கும் நாம், நமது சங்கங்களின் நடவடிக்கைக் குறிப்புகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ‘நூல் கொள்முதல் ஒத்தி வைக்கப்பட்டது’, ‘பாக்கித் தொகை நீக்கப்பட்டது’ என்று எழுதி முடித்து விடுகிறோமல்லவா? எந்தக் கூட்டத்தில், எவருடைய பிரேரணையின்மேல், எத்தனை பேர் சம்மதத்தோடு அது செய்யப்பட்டது என்பதையும் எழுதுதல் வேண்டும். அங்கத்தினர் அனைவரும் முதலாளிகளாக இருக்கும் சங்கத்தில், செய்தவர் பெயர் மறைக்கப்பட வேண்டிய காரியம் எதுவும் இருத்தலாகாது.

பயிற்சி

கீழ்க்கண்ட வாக்கியங்களுக்கு, விடையைப் பாராமல் பொருள் கூற முயலுங்கள்.

1. ‘தி கூட்ஸ் வேர் ஹெல்டு அப் அட் தி போர்ட் ஃபார் டென் டேஸ்.’
2. ‘யுவர் கம்ப்ளெய்ன்ட் இஸ் பீயிங் லுக்ட் இன்டு.’
3. ‘தி சொஸைட்டி வாஸ் வூண்ட் அப் இன் 2015.’
4. ‘தி டியூஸ் மஸ்ட் பி பெய்டு ஆஃப் பை 31 மார்ச்.’
5. ‘தி கீஸ் வேர் ஹேண்டட் ஓவர் டு தி நியூ செக்ரட்டரி.’
6. ‘தி க்ராப் வாஸ் வைப்ட் அவுட் பை தி ஃப்ளட்.’

விடைகள்: (1) சரக்கு துறைமுகத்தில் பத்து நாட்கள் தடைப்பட்டு நின்றது. ‘அட்’ இடத்தையும் ‘ஃபார்’ கால அளவையும் காட்டுகின்றன; தடுத்தவர் யார் என்பது சொல்லப்படவில்லை. (2) உங்கள் புகார் விசாரிக்கப்பட்டு வருகிறது, இன்னும் முடியவில்லை. (3) சங்கம் 2015-ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. (4) பாக்கி முழுவதும் மார்ச் 31-ஆம் தேதிக்குள் தீர்க்கப்பட வேண்டும். இங்கே ‘பை’ கெடுவைக் குறிக்கிறது. (5) சாவிகள் புதிய காரியதரிசியிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒப்படைத்தவர் பெயர் இல்லை. (6) வெள்ளத்தால் பயிர் அடியோடு அழிந்தது.

முதல் வாக்கியத்திலும் ஐந்தாம் வாக்கியத்திலும் ‘யாரால்?’ என்ற கேள்வி உங்கள் மனத்தில் தானே எழுந்திருக்குமாயின், இப்பாடத்தின் பயன் கைகூடிற்று எனலாம்.

இத்தகைய வினைகளை ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. சங்கக் காரியாலயத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்ளுங்கள். வரும் ஒவ்வோர் ஆங்கிலக் கடிதத்திலும் காணும் கூட்டு வினையை, அதன் ஒட்டுச்சொல்லோடும் பின்வரும் சொல்லோடும் முழுதாக எழுதி, எதிரே தமிழ்ப் பொருளைக் குறியுங்கள். தனி வினையை மட்டும் எழுதி வைப்பதால் பயனில்லை. ஓராண்டில் அந்நோட்டுப் புத்தகமே உங்கள் சங்கத்தின் அகராதியாகிவிடும். மாதக் கூட்டத்தில் அதிலிருந்து ஐந்து வாக்கியங்களைப் படித்துக் காட்டினால், ஆங்கிலம் அறியாத அங்கத்தினரும் தமக்கு வரும் கடிதத்தில் எந்த இடத்தை நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதை அறிந்து கொள்வார்கள்.